பதிவு செய்யாத முதல் திருமணம். டென்மார்க்கில் போய் இரண்டாவது திருமணம் செய்யலாமா?

இந்த வாசகிக்கு 34 வயது. ஜெர்மனியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. கையில் இந்திய பாஸ்போர்ட். நான்கு பக்கக் கடிதத்தை, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2016-ல் வீட்டில் பார்த்து, தமிழ்நாட்டில் மண்டபம் பிடித்து நடந்த திருமணம். ஒன்பது மாதம்தான் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். 2017-ல் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ‘இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, நகையையும் சீர் சாமான்களையும் திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்தத் திருமணம் எங்கேயும் பதிவாகவில்லை. கோர்ட்டுக்கும் யாரும் போகவில்லை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறவே இல்லை. அந்த மனிதர் பிறகு வேறு திருமணம் செய்துகொண்டு குழந்தையும் இருப்பதாகக் கேள்வி.

இப்போது வாசகி விரும்புவது ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த, ஜெர்மன் குடியுரிமை உள்ள ஒருவரை. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அவருக்கு இது முதல் திருமணம். ஜெர்மன் திருமணப் பதிவு அலுவலகம் கொடுத்த ஆவணப் பட்டியலைப் பார்த்து இருவரும் மிரண்டுபோயிருக்கிறார்கள். ‘டென்மார்க் போங்க, ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ‘பதிவே இல்லாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை, தாசில்தார் ஆபீசில் திருமணமாகாதவர் என்று சர்டிபிகேட் வாங்கி அனுப்புகிறேன்’ என்கிறார் அண்ணன். மாப்பிள்ளையின் அம்மாவோ ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் முதலில் தாலி கட்டிவிடலாம், ‘எழுத்து’ (சட்டப்படியான பதிவுத் திருமணம்) பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இந்தியத் தூதரகத்திலேயே செய்துகொண்டால் என்ன என்பது வாசகிக்கே தோன்றிய யோசனை. எதைச் செய்தால் இந்தியாவிலும் ஜெர்மனியிலும் செல்லும் என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் டென்மார்க் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அந்த ஸ்டாம்ப் பேப்பர் பற்றி மூன்று வரிதான். என் பதில் அதற்குத் தலைகீழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் நடக்கும் எந்தத் திருமணத்திலும் இரண்டு கேள்விகள் உண்டு. திருமணத்தை எந்த முறையில் நடத்துவது என்பது ஒன்று. யார் முன்னிலையில், எத்தனை சாட்சியோடு, எந்தப் புத்தகத்தில் கையெழுத்து என்பதையெல்லாம் திருமணம் நடக்கும் நாட்டின் சட்டம் முடிவு செய்யும். டென்மார்க்கில் செய்தால் டென்மார்க் சட்டம். அதில் குழப்பமே இல்லை. மற்றது, திருமணம் செய்துகொள்ளும் தகுதி அந்த நபருக்கு இருக்கிறதா என்பது. வயது, உறவு முறை, ஏற்கெனவே வாழ்க்கைத் துணை இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கு உங்கள் விஷயத்தில் இந்தியச் சட்டம்தான் பதில் சொல்லும். நீங்கள் டென்மார்க் போனாலும் லாஸ் வேகாஸ் போனாலும் அந்தச் சட்டம் பாஸ்போர்ட்டோடு கூடவே வரும். உங்கள் சிக்கல் முழுக்க இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. நாட்டை மாற்றினால் அது தீராது.

பதிவு இல்லையென்றால் திருமணம் இல்லையா?

அண்ணன் சொல்வது பரவலான நம்பிக்கை. என்னிடம் வருகிறவர்களில் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி திருமணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு அதற்கு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். பதிவு செய்யாமல் விட்டதால் திருமணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு வந்த சட்டம் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது, உண்மை. ஆனால் பதிவு செய்யாதது ஒரு தவறு. அதனால் கட்டிய தாலி கட்டாத தாலி ஆகிவிடாது. சடங்கே நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்த ஒரு ஜோடியின் வழக்கில், அது இந்து திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை அதற்கு நேர் எதிர். சடங்கு முழுதாக நடந்திருக்கிறது, காகிதம்தான் இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்றுவரை அவர் மனைவி.

சரி, ஸ்டாம்ப் பேப்பர்? இதை ஒரேயடியாகச் செல்லாது என்று தள்ளமாட்டேன். அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களில், வழக்கப்படியான மணவிலக்கை அதே இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் எங்கள் சமூகத்தில் இப்படித் தீர்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக, விடாமல் இருந்துவரும் வழக்கம் என்று சாட்சி வைத்து நிரூபிக்கவேண்டும். நீதிமன்றங்கள் இதில் கறாராக இருக்கின்றன. பெரியவர்கள் பேசி முடித்தார்கள் என்பது சமரசம். அதை வழக்கம் என்று நிரூபிப்பது வேறு வேலை. அப்படியே உங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் இருந்தாலும், கோர்ட்டில் வழக்குப் போட்டு, இந்த மணவிலக்கு செல்லும் என்று ஒரு தீர்ப்பு வாங்கினால்தான் வெளிநாட்டு அலுவலகத்தில் காட்ட முடியும். எப்படியும் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், சுருக்கமான வழியில் போகலாமே.

‘இதுவரை திருமணமாகாதவர்’ என்று டிக் செய்தால்?

‘பாஸ்போர்ட்டிலும் பெயர் இல்லை, பதிவும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போதே உங்களுக்கு மனசு உறுத்தியிருக்கிறது என்பது அடுத்த வரியிலேயே தெரிகிறது. யாருக்கெல்லாம் தெரியும் என்று சொல்கிறேன்.

இந்திய ஆவணங்களை நேரடியாக ஏற்கும் முறையை ஜெர்மன் தூதரகங்கள் விட்டுவிட்டன. ஒரு பிறப்புச் சான்றிதழோ, திருமணமாகாதவர் சான்றிதழோ ஜெர்மன் அலுவலகத்துக்குப் போனால், அது உண்மையா என்று பார்க்க இந்தியாவில் ஒரு நம்பகமான வழக்கறிஞரை நியமிக்கிறார்கள். அவர் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் உண்டு. உங்கள் தெருவில் ஒரு ஃபைலோடு நின்று ‘இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்டால் எதிர்வீட்டு அம்மா என்ன சொல்வார்? ‘ஆச்சே, நாங்கள் எல்லாம் போய் மொய் எழுதிவிட்டு வந்தோமே’ என்பார். மொய் நோட்டு ஒன்று போதும்.

டென்மார்க் வழியாகப் போனால் இந்த விசாரணை வராது என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். திருமணத்தன்று வராது, சரி. பிறகு வரலாம். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்து ஜெர்மனியில் பதியும்போது, தாயின் முந்தைய திருமணம் பற்றிக் கேள்வி வரும். மணவிலக்கு ஆகாத பெண்ணின் குழந்தைக்கு அவள் கணவனே தந்தை என்றுதான் ஜெர்மன் சட்டமும் இந்தியச் சட்டமும் ஆரம்பிக்கின்றன. பத்து வருடமாகப் பார்க்காத ஒரு மனிதரின் பெயர் அந்த இடத்தில் வந்து நிற்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

இன்னொன்று, குற்றவியல் பக்கம். துணை உயிரோடு இருக்கையில், மணவிலக்குப் பெறாமல் மறுமணம் செய்தால், இந்தியாவின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. முந்தைய திருமணத்தைப் புதியவரிடம் மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரை. இந்தியக் குடிமகள் வெளிநாட்டில் செய்தாலும் இது பொருந்தும். உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்கள். அதனால் இரண்டாவது பகுதி உங்களுக்கு வராது. முதல் பகுதி வரும். இந்தப் புகாரைப் பாதிக்கப்பட்ட துணைதான் கொடுக்க முடியும், உங்கள் விஷயத்தில் அந்த மனிதர். ‘அவர் அப்படிச் செய்யமாட்டார், நல்லவர்தான்’ என்று நீங்கள் நினைக்கலாம். நல்லவர்களும் சொத்துத் தகராறு, பணத் தேவை என்று வரும்போது வேறு மாதிரி பேசுவதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் அந்தச் சான்றிதழை வாங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய்யான தகவல் கொடுத்து வாங்கினால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

பரஸ்பர சம்மத விவாகரத்து

இனி நல்ல செய்தி. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இது வருடக்கணக்கில் இழுக்கவேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி, ஒரு வருடமாவது பிரிந்து வாழ்கிற கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மனு போடலாம். மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்கவேண்டும் என்பது சட்டத்தில் உள்ளது. ஆனால் 2017-ல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கௌர் வழக்கில், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனு போடும்போதே ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருக்கவேண்டும், சேர வாய்ப்பில்லை என்று தெரிந்திருக்கவேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். உங்களுக்கு இவை எல்லாம் 2017-லேயே முடிந்துவிட்டன. முதல் விசாரணை முடிந்து ஒரு வாரத்தில் தள்ளுபடி மனு போடலாம்.

அதே தீர்ப்பில் இன்னொரு வாசல் இருக்கிறது. தகுந்த காரணத்தால் நேரில் வர முடியாதவர்கள் வீடியோ கான்பரன்சிங் வழியாக ஆஜராகலாம்; பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் மூலம் பிரதிநிதித்துவம் பெறலாம். அண்ணனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருக்கிறது அல்லவா? தாசில்தார் ஆபீசை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் ஒன்றை அவர் பெயருக்கு அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். மனுவைத் திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் இவற்றில் எந்தக் குடும்ப நல நீதிமன்றத்திலும் போடலாம். திருமணத்துக்கு ஆதாரமாகப் பத்திரிகை, ஆல்பம், மண்டப ரசீது இவற்றைத் தேடி எடுக்கவேண்டும். கிழித்துப் போட்டிருந்தால், சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு பத்திரிகை கட்டாயம் இருக்கும்.

அவர் சம்மதிப்பாரா? யோசித்துப் பாருங்கள், அவருக்கும் இது தேவை. முதல் திருமணம் முறியாமல் செய்துகொண்ட அவருடைய இரண்டாவது திருமணம் சட்டப்படி செல்லாது. அந்தக் குழந்தை சட்டபூர்வமான குழந்தைதான், 16-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற சட்ட நிலை இல்லை. உங்களோடு சேர்ந்து மனு போட்டு விவாகரத்து வாங்கிய பிறகு அவர்கள் முறைப்படி திருமணம் செய்துகொள்ளலாம். இதை மிரட்டல் தொனி வராமல், ஒரு பொதுவான பெரியவர் மூலம் சொல்லச் சொல்லுங்கள். ‘கேஸ் போட்டுவிடுவேன்’ என்ற வார்த்தை ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால், ஆறு மாதத்தில் முடியவேண்டியது ஆறு வருடம் ஆகும்.

அவர் ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் தனியாக மனு போடலாம். வேறு பெண்ணுடன் வாழ்வதும், இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டதும் 13-வது பிரிவில் உள்ள காரணங்கள்தாம். நேரம் கூடுதலாகும், சாட்சி விசாரணை இருக்கும். அது இரண்டாவது வழியாக இருக்கட்டும்.

கோயிலில் முதலில் தாலி கட்டலாமா?

மாப்பிள்ளையின் அம்மா கேட்பது நியாயமான ஆசை. ஐரோப்பாவில் உள்ள தமிழர்களுக்கு ஹம் கோயில் எப்படிப்பட்ட இடம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரிசை மாறக்கூடாது. ஜெர்மன் சட்டப்படி பதிவு அதிகாரி முன் நடக்காத திருமணம் திருமணம் ஆகாது. கோயிலில் எத்தனை பேர் அட்சதை போட்டாலும் உங்கள் இருவருக்கும் அங்கே கணவன் மனைவி என்ற நிலை கிடைக்காது. இந்தியப் பக்கம் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். இருமணக் குற்ற வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, இரண்டாவது திருமணத்துக்கான சடங்குகள் முறையாக நடந்தனவா என்பதைத்தான். கோயில் திருமண வீடியோ எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. ஜெர்மனியில் ஒன்றுக்கும் உதவாத, இந்தியாவில் உங்களுக்கு எதிராகப் பயன்படக்கூடிய ஒரே சடங்கு இதுதான். விவாகரத்து, பிறகு எழுத்து, அதன் பிறகு கோயில்.

முதல் திருமணம் அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்வதும் விடுவதும் உங்கள் இருவர் முடிவு. கோயில் தேதியை ஏன் தள்ளுகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இந்த மாதமே வரும்.

இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்ளலாமே?

1969-ம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இதற்காகவே வந்தது. ஒருவராவது இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்கவேண்டும். 30 நாள் அந்தப் பகுதியில் வசித்திருக்கவேண்டும். அறிவிப்புக் கொடுத்து, அது தூதரகத்திலும் இந்தியாவிலும் விளம்பரப்படுத்தப்பட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமண அதிகாரி நடத்திவைப்பார். 4-வது பிரிவின் முதல் நிபந்தனையே இருவருக்கும் உயிரோடு துணை இருக்கக்கூடாது என்பது. ஆக விவாகரத்து இல்லாமல் இந்தக் கதவும் திறக்காது.

விவாகரத்து வந்த பிறகும் உங்கள் ஜோடிக்கு இது சரிப்பட்டுவராது. ஜெர்மன் மண்ணில் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி திருமணம் நடத்திவைப்பதை ஜெர்மன் சட்டம் ஏற்கிறது; ஆனால் மணமக்களில் ஒருவர்கூட ஜெர்மானியராக இருக்கக்கூடாது. உங்கள் மாப்பிள்ளை ஜெர்மன் குடிமகன். தூதரகத்தில் செய்துகொண்டால் இந்தியாவில் தம்பதி, ஜெர்மனியில் இரண்டு தனி ஆட்கள்.

இனி டென்மார்க்

விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்கும்போது டென்மார்க் நல்ல வழிதான். ஜெர்மனியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், வெளிநாட்டவர் தம் நாட்டிலிருந்து ‘இவர் திருமணத்துக்குத் தகுதியானவர்’ என்ற சான்று கொண்டுவரவேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சான்று தரும் அலுவலகமே கிடையாது. அதனால் மேல் வட்டார நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்கவேண்டும். அதற்குமுன் மேலே சொன்ன ஆவணச் சரிபார்ப்பு நடக்கவேண்டும். பட்டியல் நீளமாக இருப்பதன் காரணம் இதுதான், உங்களை அலைக்கழிக்கும் எண்ணம் அல்ல.

டென்மார்க் இந்தத் தகுதிச் சான்றைக் கேட்பதில்லை. 2019 முதல் வெளிநாட்டு ஜோடிகளின் விண்ணப்பங்களை அங்குள்ள குடும்பச் சட்ட அமைப்பு ஒரே இடத்தில் பரிசீலிக்கிறது. பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரம், முந்தைய திருமணம் இருந்தால் அது இறுதியாக முடிந்ததற்கான தீர்ப்பு ஆகியவை வேண்டும். வேலை அனுமதிக்காகவோ விசாவுக்காகவோ செய்யப்படும் போலித் திருமணமா என்பதையும் பார்ப்பார்கள். அவர்கள் தரும் சான்று 4 மாதம் செல்லும். அதற்குள் எந்த நகராட்சியிலும் நாள் வாங்கலாம். உங்களிடம் ஜெர்மன் குடியிருப்பு அனுமதி செல்லுபடியில் இருப்பதால் டென்மார்க் போய்வரத் தனி விசா வேண்டாம். இதையெல்லாம் செய்துகொடுக்க ஏஜென்சிகள் காசு வாங்குகின்றன. விண்ணப்பம் ஆன்லைனில்தான், நீங்களே போடலாம். ‘பழைய கல்யாணம் பதிவாகவில்லை என்றால் சொல்லவே வேண்டாம்’ என்று எந்த ஏஜென்சியாவது ஆலோசனை சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்திய விவாகரத்துத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை மாநில அளவில் முன்சான்று பெற்று, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் முத்திரை) வரவழையுங்கள். இந்தியாவும் டென்மார்க்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபணை தெரிவித்த நாடு; அந்த இரண்டு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் எடுபடாது. அதனால் ஒரு வேடிக்கை: டென்மார்க் நகராட்சி தரும் திருமணச் சான்றிதழை அப்போஸ்டிலோடு இந்தியாவில் நேரடியாகக் காட்டலாம், ஜெர்மன் சான்றிதழுக்குத்தான் கூடுதல் படிகள். டென்மார்க் சான்றிதழ் ஆங்கிலமும் ஜெர்மனும் உட்பட ஐந்து மொழிகளில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இதுபோன்ற பொது ஆவணங்களுக்கு 2019 பிப்ரவரி முதல் அப்போஸ்டில் தேவையில்லை என்பதால் ஜெர்மனியிலும் அப்படியே கொடுக்கலாம்.

டென்மார்க்கில் செய்துகொண்டால் பிற்காலத்தில் சொத்து, பிரிவு எல்லாவற்றுக்கும் டென்மார்க் சட்டமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இல்லை. திருமணத்துக்குப் பிறகு முதலில் எங்கே சேர்ந்து வாழ்கிறீர்களோ, பொதுவாக அந்த நாட்டுச் சட்டம்தான் உங்கள் இருவரின் சொத்து முறையைத் தீர்மானிக்கும், அதாவது ஜெர்மனி. வேறு ஏற்பாடு வேண்டுமானால் அங்கே நோட்டரி முன் திருமண ஒப்பந்தம் எழுதலாம். ஊரில் உங்கள் பெயரில் நிலம் இருப்பதாகச் சொல்கிறீர்கள்; அதைப் பற்றி அந்த நோட்டரியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தியாவில் செல்லுமா, மறுபடி பதியவேண்டுமா?

செல்லும். வெளிநாட்டில் அந்த நாட்டு முறைப்படி நடந்த திருமணத்தின் செல்லுபடியை 1969-ம் ஆண்டுச் சட்டம் எந்த வகையிலும் பாதிக்காது என்று அதன் 27-வது பிரிவு சொல்கிறது. தூதரகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் 17-வது பிரிவின்படி பதிந்துவையுங்கள் என்பேன். இந்தியாவில் சொத்து, வாரிசு, நாளைக்கு ஒரு பிணக்கு என்று வந்தால் அந்தப் பதிவு நூறு விளக்கங்களை மிச்சப்படுத்தும். பதியும் நாளிலும் 4-வது பிரிவு நிபந்தனைகளைப் பார்ப்பார்கள். கோபன்ஹேகனிலா, ஜெர்மனியிலா, எந்தத் தூதரகத்தில் பதிவது என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மாப்பிள்ளைக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தியா தரும் நீண்டகால அனுமதி அட்டை) திருமணமான மறுநாளே கிடைக்காது. திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து நீடித்திருக்கவேண்டும். பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. பெற்றோர் இலங்கையர் என்பது தடை இல்லை. சட்டம் விலக்கிவைப்பது பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினரைத்தான்.

உங்கள் பெற்றோர் ஊரில் ஒரு வரவேற்போ, மாலை மாற்றலோ வைக்க ஆசைப்படுவார்கள். தாராளமாக வைக்கலாம். அதைப் புதிய திருமணமாகப் பதிவு செய்யச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஜோடிக்கு இரண்டு தேதியில் இரண்டு திருமணச் சான்றிதழ் இருந்தால், பிறகு ஒவ்வொரு விசா அதிகாரிக்கும் அதை விளக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

கடைசியாக, உங்களிடம் ஏற்கெனவே உங்கள் வேலைக்கான ப்ளூ கார்டு என்ற குடியிருப்பு அனுமதி இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு வாழ்க்கைத் துணை என்ற அடிப்படையில் அனுமதியை மாற்றிக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். துணை அனுமதி அந்த உறவைச் சார்ந்தது, உங்கள் கார்டு உங்கள் படிப்பையும் சம்பளத்தையும் சார்ந்தது. எது நல்லது என்று அங்குள்ள குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவதும் கட்டாயம் இல்லை.

அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தின் அசல் யாரிடம் இருக்கிறது என்று எழுதவில்லை. அது உங்களுக்கு விவாகரத்து ஆகாது. ஆனால் 2017 முதல் பிரிந்து வாழ்கிறீர்கள், கொடுக்கல் வாங்கல் முடிந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் இல்லை. ஆறு மாதத் தள்ளுபடி கேட்கும்போது அதைத்தான் முதலில் நீட்டவேண்டியிருக்கும். அப்பாவின் பீரோவில் இருந்தால், இன்றைக்கே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.